சொல்லிக்கொடுத்தவனின் பொறுப்பு

"சாமி, இது பொய்த்துப்போனா அந்த நட்டத்த யாரு குடுப்பாங்க?"

பங்குக் கூடத்தின் கடைசி வரிசையில், தூணருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. திண்டுக்கல் மாவட்டத்தில், ஆறும் கால்வாயும் எட்டிப்பாராத ஊர்களைக் கொண்ட ஒரு பங்கில் நான் பணியாற்றிய காலம். 2012 ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. 2013 கோடையில் கிணறுகளின் அடியில் பாறைதான் தெரிந்தது. ஞாயிறு திருப்பலிக்குப்பின் உழவர்களைக் கூட்டி, தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவரை வரவழைத்து, சொட்டுநீர்ப் பாசனம் பற்றி விளக்கச் செய்திருந்தேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். வாய்க்காலில் விட்டுப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சும்போது பெருமளவு நீர் ஆவியாகவும் கசிவாகவும் பயிருக்குச் சேராமற் போகிறது என்றும், அதே நீரைக் கருப்புக் குழாய் வழியே வேரடியில் சொட்டுச் சொட்டாக விட்டால் வீணாவது மிகக் குறைவு என்றும் படம் வரைந்து காட்டினார். சிறு, குறு உழவர்களுக்கு அரசு முழு மானியம் தருகிறது. ஏனையோர்க்கு நூற்றுக்கு 75 பங்கு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், வட்டாட்சியரின் சிறு விவசாயி சான்று ஆகியவற்றைக் கொண்டுவந்தால் போதும் என்றார். அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "குழாய்க்கு அரசாங்கம் பணம் தருகிறது, உங்களுக்கு என்ன நட்டம், பெரியவரே?" என்றேன். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அமைதியாக இருந்துவிட்டார். விடை சொல்லிவிட்டதாக நான் நினைத்தேன். கேள்வியே எனக்கு விளங்கவில்லை என்பதை உணர ஒரு பருவம் முழுதும் கழிய வேண்டியிருந்தது.

"உழவர்களிடையே விழிப்புணர்வு இல்லை." சமூகப்பணி அறிக்கைகளில் நாம் எத்தனை முறை எழுதிய வாக்கியம் இது! நானும் எழுதியிருக்கிறேன். உழவர் உறங்குகிறார், நாம் விழித்திருக்கிறோம் என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே குடியிருப்பதை எழுதும்போது கவனித்ததில்லை. குருமடத்தில் எங்களுக்கு எதிர்வாதங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் விடை கூறப் பயிற்சி அளித்தார்கள். எதிர்வாதம் என்பது வெல்லப்பட வேண்டிய ஒன்று என்ற பழக்கம் எனக்கு அங்கிருந்தே படிந்திருக்க வேண்டும். அது முதலில் செவிமடுக்கப்பட வேண்டிய ஒன்று என்பதை நான் வயற்காட்டில்தான் கற்றேன், அதுவும் தாமதமாக.

அந்த முதியவரின் நிலையையே எடுத்துக்கொள்வோம். அவருடைய கிணறு கூட்டுக் கிணறு. தந்தையின் காலத்துக்குப்பின் நான்கு பங்காளிகளுக்கு உரியதாயிற்று. நான்கு நாளுக்கு ஒருமுறை அவருடைய முறை வரும். அன்று கிணற்றில் ஊறியிருக்கும் நீர் அவருடையது. மறுநாள் அது தம்பியுடையது. எனவே தம் முறையன்று மோட்டார் ஓடும்வரை ஓடவிட்டு, நிலம் நனைய நனையப் பாய்ச்சி, அடுத்த முறை வரும்வரை மண்ணிலேயே ஈரத்தைச் சேமித்து வைப்பார். அவருக்கு மண்தான் தொட்டி. சொட்டுநீரோ நேர்மாறானது, அது நாள்தோறும் சிறிது சிறிதாக நீர் கேட்கும். அதை அமைப்பதென்றால் ஒன்று அவர் தனியாக நீர்த்தொட்டி கட்ட வேண்டும், அல்லது நான்கு பங்காளிகளும் முறையை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களுள் இருவர் ஒரு வரப்புத் தகராறில் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. இவ்வளவும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. எங்கள் விளக்கப் படத்தில் கிணற்றுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் வரையப்பட்டிருந்தார்.

இதுபோல் இன்னும் பல உண்டு. எங்கள் பகுதிக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். ஒரு பருவத்திலேயே சொட்டும் துளைகள் அடைபட்டுவிடும். அவ்வப்போது ஆசிட் கலந்து கழுவிவிட வேண்டும். வடிகட்டியைத் திறந்து துலக்க வேண்டும். கோடையில் தாகமெடுத்த எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். களை வெட்டும்போது கொத்து படும். உழவு ஓட்டுமுன் அத்தனையையும் சுருட்டி எடுத்து, பிறகு மறுபடி விரிக்க வேண்டும். உடைந்த இணைப்புத் துண்டு ஒன்றை வாங்க நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். இவற்றுள் எதுவும் தீர்க்க முடியாதது அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாளையோ, ஒரு கூலியையோ, ஒரு கவலையையோ கேட்கிறது. மானியம் குழாய்க்கு, கவலைக்கு இல்லை.

அந்தக் கூட்டத்துக்குப்பின் முன்வந்த முதல் மனிதர் ஓர் இளைஞர். என்னை நம்பி வந்தவர். ஒன்றரை ஏக்கரில் மிளகாய் நட்டார். ஆறு வாரம் பயிர் கண்ணைப் பறித்தது. நான் வெளியூர் குருக்களை அழைத்துச் சென்று காட்டினேன். பூவெடுக்கும் தறுவாயில் ஒரு பகுதியில் செடிகள் சோர்ந்தன. நோய் என்று எண்ணி மருந்தடித்தார். உண்மையில் துளைகள் அடைபட்டிருந்தன. குழாய் மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் நீர் சொட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருந்தோம். குழாய் பொருத்திக் கொடுத்த நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பினோம். ஆள் வந்து சேர்வதற்குள் பூ உதிர்ந்துவிட்டது. அந்த ஆண்டு அவர் தங்கையின் திருமணம் தள்ளிப்போயிற்று.

அவர் என்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. என் கையிலிருந்த சிறு தொகையை நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் அவருடைய தாய் வந்து, தலை குனிந்தபடி அதை வாங்கிச் சென்றார். அந்தக் கணம் எனக்கு நேர்ந்த வெட்கத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

அறநெறி இறையியலில் 'ஈடுசெய்தல்' என்றொரு பகுதி உண்டு. மாணவர்கள் பலர் அதைத் திருட்டைப் பற்றிய வறட்டுச் சட்டமாக எண்ணிக் கடந்துவிடுவார்கள். நானும் அவ்வாறே கடந்தவன். பிறர் பொருளை எடுத்தவர் மட்டுந்தானா திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று புனித அக்குவினா தோமா அங்கே வினவுகிறார். ஏவியவர், இசைந்தவர், தடுக்கும் கடமையிருந்தும் வாளாவிருந்தவர் என்று நீளும் அவருடைய பட்டியலில் ஆலோசனை கூறியவரும் இருக்கிறார். எல்லா ஆலோசனைக்கும் அவர் பொறுப்பைச் சுமத்தவில்லை. அந்த ஆலோசனையே இழப்புக்கு உண்மையான காரணமாயிற்றா என்று பார்க்கச் சொல்கிறார். பிற்கால நூல்கள் இன்னும் ஒரு படி சென்று, கல்வியாலோ பதவியாலோ பிறர் நம்பும் இடத்தில் இருப்பவர் கவனமின்றித் தரும் ஆலோசனையைத் தனியே எடுத்துப் பேசுகின்றன. பேரங்காடித் தரகர் சொன்னால் உழவர் இரண்டு முறை யோசிப்பார். கோயிலில் அப்பம் பிட்டுத் தருகிறவர் சொன்னால் யோசிக்காமலேயே கேட்டுவிடக்கூடும். நம் சொல்லுக்கு இருக்கும் எடை நாம் உழைத்துப் பெற்றது அன்று; ஆகவே அதைச் செலவழிப்பதில் நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பா? ஊர் வறளும்போது, வழி ஒன்று இருப்பதை அறிந்தும் சொல்லாதவர் அதே பட்டியலில் வாளாவிருந்தவருக்குரிய இடத்துக்குப் போய்விடுவார். எனவே பேசத்தான் வேண்டும். எவ்வாறு பேசுவது என்பதே சிக்கல்.

இவ்விடத்தில் இயேசு சபைக் குரு ஒருவரின் வரலாறு எனக்குத் துணையாயிற்று. ஹென்றி த லௌலானியே என்னும் பிரெஞ்சு நாட்டவர். துறவு பூணுமுன் வேளாண்மை பயின்றவர். 1961 இல் மடகாஸ்கர் தீவுக்குச் சென்றார். அத்தீவின் மக்கள் நம்மைப்போல் மூன்று வேளையும் சோறு உண்பவர்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் அவர்களுடைய வயல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பகுதியில் உழவர்கள் குத்துக்கு ஒரே நாற்றாக நடுவதைக் கண்டார். இன்னோரிடத்தில் வயலில் எந்நேரமும் நீர் தேக்காமல் ஈரமாக மட்டும் வைத்திருப்பதைக் கண்டார். இவை உழவர்கள் தாமே கண்டவை. அவர் கண்டுபிடித்தவை அல்ல. அன்ட்சிராபே என்னும் ஊரில் 1981 இல் உழவர் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1983 ஆம் ஆண்டுப் பருவத்தில் காலம் நெருக்கியதால், வழக்கமாக ஒரு மாதம் வளர்த்து நடும் நாற்றைப் பதினைந்தே நாளில் பிடுங்கி, பள்ளியின் வயலில் ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு நட்டார்கள். முதலில் வயல் வெறுமையாகத் தெரிந்தது. எல்லாம் போயிற்று என்றே நினைத்தார்கள். ஒரு மாதம் சென்றபின் ஒவ்வொரு நாற்றும் கொத்துக் கொத்தாகத் தூர் கட்டியது. இளநாற்று, ஒற்றை நடவு, 25 சென்டிமீட்டர் இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர், களையை மண்ணிலேயே அமுக்கிவிடும் உருளைக் கருவி என்று அம்முறை உருப்பெற்றது.

தமிழகத்தில் வேளாண் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டு முதல் இதைச் சோதித்தது. 2003-04 இல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் உழவர் வயல்களிலேயே செய்து பார்த்தார்கள். திருந்திய நெல் சாகுபடி என்றும் ஒற்றை நாற்று நடவு என்றும் நம் மக்கள் அறிந்திருப்பது இதுதான். விளைச்சலைப் பற்றி அவருடைய ஆதரவாளர்கள் கூறிய பெரிய எண்களை அறிவியலார் பலர் ஏற்கவில்லை. அவ்விவாதத்துக்குள் நான் புகவில்லை. நெல்லுக்கு எந்நேரமும் தேங்கிய நீர் வேண்டும் என்ற எண்ணத்தை அது அசைத்தது என்பது மறுக்க முடியாதது.

ஆனால் என் உள்ளத்தைத் தொட்டது வேறு. அந்த வயல் பள்ளியின் வயல். நாற்று அழிந்திருந்தால் பள்ளிதான் அந்த ஆண்டு விளைச்சலை இழந்திருக்கும். எந்த ஏழையின் அடுப்பும் அணைந்திருக்காது. சொல்லுமுன் அவர் பார்த்துக்கொண்டிருந்த காலம் இருபது ஆண்டு. நானோ அந்தப் பங்குக்கு வந்து இரண்டாம் ஆண்டிலேயே கூட்டம் போட்டவன். 1990 இல் அவர் உழவர்களோடு சேர்ந்து நிறுவிய அமைப்புக்கு 'தெஃபி சைனா' என்று பெயரிட்டார். அந்நாட்டு மொழியில் உள்ளத்தைப் பண்படுத்துதல் என்பது அதன் பொருள். ஐந்து ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார்.

இந்த வரலாற்றை இத்தோடு நிறுத்தினால் அழகாக இருக்கும், உண்மையாக இராது. மடகாஸ்கரில் அம்முறையைக் கைக்கொண்ட உழவர்களுள் பலர் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டனர். மோசர், பாரெட் என்னும் இருவர் அதன் காரணத்தை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டனர். புதிய முறைக்குச் செலவு அதிகமில்லை. ஆனால் நடவின்போதும் களையெடுப்பின்போதும் கூடுதல் உழைப்பு வேண்டும். அந்த வாரங்களே ஏழையின் வீட்டில் நெல் தீர்ந்துபோகும் வாரங்களும் ஆகும். அன்றாடம் சோறு வாங்க அவர் பிறர் வயலில் கூலிக்குப் போயாக வேண்டும். தம் வயலில் உழைத்தால் நான்கு மாதம் கழித்து மிகுதி நெல் வரும் என்பது அவருக்கும் தெரியும். அந்த நான்கு மாதத்தைக் கடக்க அவரிடம் ஒன்றுமில்லை. விழிப்புணர்வு இல்லை என்று அவரைப்பற்றியும் யாரோ ஓர் அறிக்கையில் எழுதியிருக்கக்கூடும்.

மிளகாய் அழிந்த மறு பருவத்தில், பங்குக்குச் சொந்தமான அரை ஏக்கரில் சொட்டுநீர் அமைத்தோம். கூட்டம் ஏதும் போடவில்லை. வடிகட்டியைக் கழுவும் நாளில் கோயிலுக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு இடத்தில் எலி கடித்தது, அதையும் பார்த்தார்கள். உப்பு அடைத்தபோது ஆசிட் எவ்வளவு விட வேண்டும் என்பதை மிளகாயில் நட்டப்பட்ட அந்த இளைஞரே கற்றுவந்து செய்தார். பிறருக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். என்னைவிட அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. இழந்தவர் பேசுகிறார் அல்லவா? மூன்று ஆண்டுகளில் பதினான்கு குடும்பங்கள் அமைத்துக்கொண்டன. முதியவர் மட்டும் அமைக்கவில்லை. வரும்போதெல்லாம் குழாயைக் குனிந்து பார்ப்பார், போய்விடுவார்.

தோல்வியின் பொறுப்பை ஒருவாறு கற்றுக்கொண்டேன் என்று நான் நிம்மதி அடைந்திருந்த வேளையில்தான் வெற்றியின் பொறுப்பு என் கதவைத் தட்டியது.

அந்தப் பதினான்கு குடும்பங்களுள் ஒன்று நன்றாக முன்னேறியது. நான்கு ஏக்கர் நிலம். முன்பெல்லாம் கிணற்று நீர் இரண்டு ஏக்கருக்கே போதும். அந்த இரண்டிலும் சின்ன வெங்காயத்துக்குச் சொட்டுநீர் அமைத்தார்கள். அதே நீரில் பாதி மிஞ்சியது. மிஞ்சியதைக் கொண்டு மற்ற இரண்டு ஏக்கரிலும் வாழை வைத்தார்கள். வாழை ஆண்டு முழுதும் நீர் கேட்கும் பயிர். கோடையில் போதாமற் போகவே எழுநூறு அடிக்கு ஆழ்துளை போட்டார்கள். மோட்டாருக்கு மின்கட்டணம் இல்லை; தமிழகத்தில் 1990 முதல் எல்லா உழவர்களுக்கும் அது இலவசம். பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்த்தார்கள். நான் மகிழ்ந்தேன், மறையுரையில் பெயர் சொல்லாமல் பாராட்டியும் பேசினேன்.

அவர்களுடைய வேலியை ஒட்டி ஒரு கைம்பெண்ணின் முப்பது சென்ட் நிலம். பழைய திறந்த கிணறு ஒன்று. கொஞ்சம் கத்தரி, கீரை, இரண்டு மாடு. 2016 இல் பருவமழை மீண்டும் பொய்த்தது. அடுத்த கோடையில் அவருடைய கிணறு அடியோடு வற்றியது. அதற்குமுன் எந்தப் பஞ்சத்திலும் ஒரு குடம் நீராவது ஊறிய கிணறு என்றார்கள். மழை பொய்த்ததாலா, பக்கத்து ஆழ்துளையாலா என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. பாறைக்குள் ஓடும் வெடிப்புகளின் வழியை யார் கண்டார்? ஆனால் ஊரார் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அவர் மாடுகளை விற்றார். களையெடுக்கும் கூலியும் குறைந்திருந்தது. சொட்டுநீர் வயலில் வேரடி தவிர ஏனைய இடம் காய்ந்து கிடப்பதால் களை அதிகம் முளைப்பதில்லை. இதையும் நான் நன்மைகளின் பட்டியலில்தான் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் மாலை அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். குற்றம் சாட்ட வரவில்லை. "அவங்க நிலம், அவங்க தண்ணி. அதுல நான் என்ன சொல்ல முடியும்?" என்றார். பின், உண்மையாகவே புரியாத ஒருவர் கேட்பதுபோலக் கேட்டார்: "தண்ணிய மிச்சம் புடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? எல்லாரும் மிச்சம் புடிச்சாங்க. அந்தத் தண்ணி எங்க சாமி?"

முதியவரின் கேள்விக்கு ஒரு பொய்யான விடையாவது என்னிடம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

பின்னர் படித்தபோது, உலகெங்கும் அறிஞர்கள் இதே கேள்வியோடு மல்லாடிக்கொண்டிருப்பது தெரிந்தது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று ஆங்கிலேயரான ஜெவன்ஸ் 1865 இலேயே எழுதினார். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காகப் பெர்ரியும் ஸ்டெடுட்டோவும் 2017 இல் அளித்த அறிக்கை, நவீன பாசனக் கருவிகள் உண்மையில் நீரைச் சேமிக்கின்றனவா என்பதையே தலைப்பாகக் கொண்டது. அவர்கள் பல நாடுகளைப் பார்த்துச் சொல்வது இதுதான்: நீரைப் பயன்படுத்த வரம்பு ஒன்று இல்லாத இடத்தில், மிச்சமான நீர் பயிர்ப் பரப்பாகவோ தாகமுள்ள பயிராகவோ மாறிவிடுகிறது, நிலத்தடி நீர்மட்டம் உயர்வதில்லை. இன்னொன்றும் உண்டு. நாம் வீண் என்று பெயரிட்ட கசிவு நீரில் ஒரு பகுதி எங்கும் போய்விடவில்லை. மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் ஊறியது. அந்தக் கைம்பெண்ணின் குடம் நிறைந்தது ஓரளவு அண்டை வயலின் வீண்செலவால்தான். வீணாவதைத் தடுத்தோம், அவருடைய பங்கையும் சேர்த்துத் தடுத்தோம்.

தம் நிலத்துக்கடியில் உள்ள நீர் தமக்கே என்று அண்டை வீட்டார் எண்ணியதில் சட்டப்படி பிழையில்லை. 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் முதல் நாட்டு வழக்கம் அதுவே. தமிழகத்தில் 2003 இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலேயே 2013 இல் நீக்கப்பட்டது. மண்ணுக்கு வரப்பு உண்டு. அடியில் ஓடும் நீருக்கு வரப்பு கிடையாது என்பதைச் சட்டம் அறியாதுபோலும். திருச்சபையின் போதனை இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒரு பொருளைத் தமதாக வைத்துப் பேணலாம், ஆனால் அதைப் பயன்படுத்தும்போது அனைவர்க்கும் உரியதெனக் கருத வேண்டும் என்பது அக்குவினா தோமாவின் கோட்பாடு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் இதை உலகின் நன்மைகள் அனைத்துக்கும் விரித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நீரையே தனியாக எடுத்துப் பேசினார். ஆனால் தெளிவான போதனையை ஓர் ஊரின் பதினொரு கிணறுகளுக்கு எப்படிப் பொருத்துவது? ஈசாக்கு தோண்டிய கிணறுகளுக்காகச் சண்டை எழுந்தபோது, அவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து நகர்ந்து, சண்டையில்லாத மூன்றாவது கிணற்றைத் தோண்டி, அதற்கு அகன்ற இடம் என்ற பொருளில் பெயரிட்டதாகத் தொடக்கநூல் கூறுகிறது. அவருக்கு நகர்ந்துபோக இடம் இருந்தது. முப்பது சென்ட் உள்ளவர் எங்கே நகர்வார்?

வாழை வைத்தவரிடம் சென்று பேசினேன். அவர் கோபப்படவில்லை. "நான் மட்டும் நிறுத்தினா, மேற்கால இருக்கிறவரு உறிஞ்சிடுவாரு சாமி. அப்பவும் அந்தம்மாவுக்குத் தண்ணி போகாது," என்றார். அதுவும் உண்மையே. ஒருவருடைய நல்ல மனம் மட்டும் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று அது.

ஆந்திரத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு 2003 முதல் சில ஆண்டுகள் நடந்த ஒரு முயற்சியைப் பற்றி அறிந்தது அப்போதுதான். அங்கே உழவர்களுக்கு இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லவில்லை. அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மழையை நாள்தோறும், கிணற்று நீரின் ஆழத்தைக் குறித்த இடைவெளியில் உழவர்களே அளந்து, ஊர்ப்பொதுவில் எழுதி வைத்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, நிலத்தடியில் சேர்ந்த நீர் எவ்வளவு, எந்தப் பயிர் எத்தனை ஏக்கருக்கு எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கட்டாயம் இல்லை, தண்டனை இல்லை. கணக்கைக் கண்டபின் என்ன விதைப்பதென்று அவரவரே முடிவு செய்தனர். பல ஊர்களில் நெல்லின் பரப்பு குறைந்தது.

எங்கள் ஊரில் அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பங்கு இல்லத்து மாடியில் ஒரு மழைமானி வைத்தோம். இளையோர் நால்வர் மாதத்தின் முதல் நாளும் பதினாறாம் நாளும் கயிற்றில் கல்லைக் கட்டிப் பதினொரு கிணறுகளில் இறக்கி, நீர் எத்தனை அடியில் இருக்கிறதென்று அளந்தார்கள். கோயில் வாசலருகே ஒரு கரும்பலகையில் எழுதினார்கள். முதல் சில மாதங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு திருப்பலி முடிந்ததும் ஆண்கள் பலகையருகே நிற்கத் தொடங்கினர். என் மறையுரையைவிட அது அதிகம் பேசப்பட்டது என்பதை மனத்தாங்கலின்றி ஒப்புக்கொள்கிறேன். அந்த முதியவர் வாராவாரம் வந்து ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படிப்பார். எந்த வீட்டில் வாழை வைத்த பிறகு எந்தக் கிணறு எத்தனை அடி இறங்கியது என்பதைப் பெயர் சொல்லாமல், விரலால் மட்டும் காட்டுவார்.

2018 கோடைக்குமுன் ஆறு குடும்பங்கள் அந்த ஆண்டு வாழை வைப்பதில்லை என்று தம்முள் பேசி முடிவு செய்தன. வெங்காயக்காரரும் அவர்களுள் ஒருவர். மற்றவர்கள் உடன்படவில்லை, அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை, கடன் வாங்கி ஆழ்துளை போட்டவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு எனக்கு மாறுதல் வந்தது.

அண்மையில் ஓர் அடக்கத் திருப்பலிக்காக அவ்வூருக்குச் சென்றேன். கரும்பலகை இருந்தது, சுண்ணக்கட்டியின் எழுத்தும் புதிதாகவே இருந்தது. இறந்துபோனவர் அந்த முதியவர்தான். இறப்பதற்கு இரண்டு ஆண்டுமுன் பங்காளிகள் நால்வரும் முறையைத் திருத்தி எழுதி, கூட்டுக் கிணற்றருகே ஒரு தொட்டி கட்டிச் சொட்டுநீர் அமைத்தார்களாம். வரப்புத் தகராறு தீர்ந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை, தொட்டிக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள் என்றார் அவர் மகன்.

பலகையில் ஏழாவது வரி அந்தக் கைம்பெண்ணின் கிணறு. அவர் இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். நிலம் தரிசாகக் கிடக்கிறது. எதிரே மாதந்தோறும் 'நீர் இல்லை' என்றே எழுதிவருகிறார்கள். பயன்படாத கிணற்றை எதற்கு அளப்பது, அந்த வரியை எடுத்துவிடலாமே என்று இளையோர் ஒருமுறை கேட்டார்களாம். கல்லை இறக்கிப் பார்க்காமல் எழுதவும் கூடாது, வரியை அழிக்கவும் கூடாது என்று முதியவர் சொல்லிவிட்டாராம்.